சிக்னலில் நின்றால் சூடாகும் கார், ஓட ஆரம்பித்ததும் சரியாகிவிடுவது ஏன்? எங்கிருந்து சோதிக்க வேண்டும்?

ஹைவேயில் போகும்போது டெம்பரேச்சர் முள் நடுவிலேயே அசையாமல் நிற்கிறது. ஊருக்குள் நுழைந்து ஒரு சிக்னலில் ஐந்து நிமிடம் நின்றால் மெல்ல மேலே ஏறத் தொடங்குகிறது. வண்டி நகர்ந்து வேகம் நாற்பதைத் தொட்டதும் மறுபடி இறங்கிவிடுகிறது. உங்கள் காரில் இப்படித்தான் நடக்கிறது என்றால், கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை கார் உங்களிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டது.

அதைக் காதில் வாங்காமல் ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும் ஒர்க்‌ஷாப்களும் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் பில் கட்டுவது நீங்கள்தான். சில நூறு ரூபாய் ரிலேயில் முடிய வேண்டிய வேலை, இன்ஜின் ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பும் வரை போவது இப்படித்தான். மெக்கானிக்கிடம் போவதற்கு முன், வீட்டு வாசலில் அரை மணி நேரத்தில் நீங்களே எவ்வளவு தூரம் கண்டுபிடிக்கலாம் என்று பார்ப்போம்.

நிற்கும்போது மட்டும் ஏன் சூடாகிறது?

பெட்ரோலில் இருக்கும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாகச் சூடான புகையாகப் போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியை இன்ஜினைச் சுற்றி ஓடும் கூலண்ட் எடுத்துக்கொண்டு ரேடியேட்டருக்கு வருகிறது. ரேடியேட்டர் அந்தச் சூட்டைக் காற்றில் விட வேண்டும். காற்று வந்தால்தானே விட முடியும்?

60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நொடிக்கு 16 மீட்டருக்கு மேல் வேகமான காற்று கிரில்லுக்கு எதிரே வருகிறது. அந்த நேரத்தில் ரேடியேட்டர் ஃபேன் ஓடவே தேவையில்லை, பெரும்பாலும் ஓடுவதும் இல்லை. வண்டி நின்றதும் அந்தக் காற்று அடியோடு நின்றுவிடுகிறது. இனி காற்றை இழுக்க இருப்பது ஃபேன் ஒன்றுதான்.

நிற்கும்போது இன்ஜின் 800 ஆர்பிஎம் அளவில்தான் சுற்றும், எனவே அது உண்டாக்கும் சூடும் குறைவு. நல்ல நிலையில் உள்ள ஃபேன் அதைச் சமாளித்துவிடும். அப்படியும் சூடு ஏறுகிறது என்றால் சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள் ஃபேன், அடுத்தது அந்தக் காற்று போகும் பாதை. தெர்மோஸ்டாட் அடைத்துக்கொண்டிருந்தால் வண்டி ஓடும்போதும் சூடாகும். ரேடியேட்டர் உள்ளே அடைபட்டிருந்தால் அது ஹைவே வேகத்திலும் மலைப்பாதை ஏற்றத்திலும் முதலில் தெரியவரும், ஏனென்றால் அங்கேதான் இன்ஜின் அதிகச் சூட்டைத் தள்ளுகிறது.

அம்பாசடர் ஓட்டிய தலைமுறைக்கு இந்தப் பிரச்சினை வேறு மாதிரி இருந்தது. அதில் ஃபேன், இன்ஜினோடு பெல்ட்டால் கட்டப்பட்டிருந்தது. இன்ஜின் சுற்றினால் ஃபேனும் சுற்றும். 1983இல் மாருதி 800 வந்தபோது இன்ஜின் குறுக்குவாக்கில் திரும்பிவிட்டது. ரேடியேட்டரைப் பார்த்தபடி இருந்த பெல்ட்டும் புல்லியும் பக்கவாட்டுக்குப் போனதால் ஃபேனுக்குத் தனியாக ஒரு மின்மோட்டார் தேவைப்பட்டது. இன்று நாம் ஓட்டும் ஹேட்ச்பேக், செடான், சின்ன எஸ்யூவி எல்லாவற்றிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். மோட்டார் என்று வந்துவிட்டால் அதற்கு ஒயர், ஃபியூஸ், ரிலே, சென்சார், கட்டளை கொடுக்க இசியூ என்று ஒரு சங்கிலியே வேண்டும். அதில் ஒரு கண்ணி அறுந்தாலும் ஃபேன் நின்றுவிடும். வண்டி ஓடிக்கொண்டே இருக்கும்வரை உங்களுக்கு எதுவும் தெரியாது.

நம் ஊர்களின் போக்குவரத்து இதை மோசமாக்குகிறது. டாம்டாம் நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டுக்கான கணக்குப்படி பெங்களூருவின் நகர மையத்தில் 10 கிலோமீட்டர் போக சராசரியாக 29 நிமிடம் ஆனது. அதாவது மணிக்கு ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். வெயிலும் சேர்ந்துகொள்கிறது. கூலண்ட் 95 டிகிரியில் இருக்கும்போது வெளிக்காற்று 25 டிகிரி என்றால் வித்தியாசம் 70. மே மாத டெல்லியில் காற்றே 45 டிகிரி என்றால் வித்தியாசம் 50தான். அதே ரேடியேட்டர், அதே ஃபேன், ஆனால் வெளியேற்ற முடிகிற சூடு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்துவிடுகிறது. டிசம்பரில் தெரியாத கோளாறு ஏப்ரலில் தெரிவது இதனால்தான்.

முள் ஏறுவதற்கு முன்பே ஏசி சொல்லிவிடும்

இதைப் பலர் கவனிப்பதில்லை. ஏசியின் கண்டென்சர், ரேடியேட்டருக்கு நேர் முன்னால் இருக்கிறது. இரண்டுக்கும் காற்று இழுப்பது ஒரே ஃபேன், அல்லது அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஃபேன்கள். ஃபேன் பலவீனமானால் முதலில் அடிபடுவது ஏசி. ஓடும்போது சில்லென்று வரும் காற்று, சிக்னலில் நின்றதும் வெதுவெதுப்பாகும். நகர்ந்ததும் மறுபடி சில்லென்று வரும்.

இந்த அறிகுறியோடு ஏசி கடைக்குப் போனால் “கேஸ் கம்மியா இருக்கு சார், ஃபில் பண்ணிடலாம்” என்று சொல்ல வாய்ப்பு அதிகம். கேஸ் உண்மையிலேயே குறைவாக இருந்தால் ஓடும்போதும் குளிர் குறைந்திருக்க வேண்டுமே? நின்றால் மட்டும் குளிர் போகிறது என்றால் பணம் கொடுப்பதற்கு முன் “ஃபேன் சுத்துதான்னு பாத்தீங்களா?” என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை

இன்ஜின் முழுவதும் ஆறியிருக்கும் காலை நேரத்தில் ஆரம்பியுங்கள். வண்டி திறந்தவெளியில் நிற்கட்டும். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் அரை மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு தேங்கும்.

முதலில் கூலண்ட் டேங்கில் அளவு, கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். குறைவாக இருந்தால் மற்ற சோதனைகளுக்கே அர்த்தமில்லை, எங்கே ஒழுகுகிறது என்பதுதான் முதல் கேள்வி. டெம்பரேச்சர் சென்சார் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். கூலண்ட் இறங்கிப்போய் சென்சார் வெறும் காற்றிலோ ஆவியிலோ நின்றால் அது “எல்லாம் நார்மல்” என்றே சொல்லும், ஃபேனுக்கும் கட்டளை போகாது. சூடாக இருந்த முள் திடீரென்று கீழே விழுந்தால் சந்தோஷப்பட வேண்டாம், உடனே ஓரம் கட்டுங்கள்.

அளவு சரி என்றால் இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஏசியை முழுக் குளிரில் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஏசி போட்டதும் ஒரு நிமிடத்துக்குள் ஃபேன் ஓட ஆரம்பிக்கும். பானெட்டைத் திறந்து பார்த்தாலே தெரியும். கையையும் துப்பட்டாவையும் ஐடி கார்டு கயிற்றையும் தள்ளி வையுங்கள். இன்ஜின் ஆஃப் ஆன பிறகும் அந்த ஃபேன் தானாகச் சுற்றும்.

ஓடுகிறதா? ஒரு ஏ4 தாளை கிரில்லின் முன்னால் பிடியுங்கள். நல்ல ஃபேன் தாளை உள்ளே இழுத்து ஒட்டவைக்கும். தாள் தொங்கிக்கொண்டே இருந்தால் ஃபேன் சுற்றுகிறதே தவிர வேகம் இல்லை. தாள் உங்களை நோக்கிப் பறந்தால் விஷயம் வேடிக்கையானது. மோட்டாரை மாற்றிய யாரோ இரண்டு ஒயரையும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், ஃபேன் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

அடுத்து ஏசியை அணைத்துவிட்டு இன்ஜினை அப்படியே ஓடவிடுங்கள். பதினைந்து இருபது நிமிடத்தில் கூலண்ட் சூடேறி, மாடலைப் பொறுத்து 95 முதல் 100 டிகிரிக்குப் பக்கத்தில் ஃபேன் தானாகக் கிளம்ப வேண்டும். சில டிகிரி இறங்கியதும் நின்று, பிறகு மறுபடி கிளம்ப வேண்டும். இதைப் பார்க்க டேஷ்போர்டு முள்ளை நம்ப முடியாது. இன்றைய கார்களில் ஏறக்குறைய 75 டிகிரியிலிருந்து 105 வரை முள் நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள், ஓட்டுபவர் பதறக் கூடாது என்பதற்காக. பல சின்ன கார்களில் முள்ளே கிடையாது, குளிருக்கு நீல விளக்கு, ஆபத்துக்குச் சிவப்பு விளக்கு, நடுவில் மௌனம். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு புளூடூத் அடாப்டரைச் செருகி மொபைல் ஆப்பில் பார்த்தால் சரியான டிகிரி தெரியும். அடாப்டர் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே கிடைக்கிறது. அதே ஆப்பில் பி0480 என்று கோடு வந்தால் ஃபேன் கட்டுப்பாட்டு சர்க்யூட்டில் கோளாறு. பி0117 அல்லது பி0118 என்றால் கூலண்ட் சென்சார் பக்கம் பாருங்கள்.

105 டிகிரியைத் தாண்டியும் ஃபேன் கிளம்பவில்லையா? இன்ஜினை அணைத்துவிடுங்கள், சோதனை முடிந்தது. குற்றவாளி ஃபேன் சர்க்யூட்டில்தான் இருக்கிறான்.

ஃபேன் சுற்றவில்லை என்றால்

பானெட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் பெட்டியின் மூடியில் எது ஃபேன் ஃபியூஸ், எது ஃபேன் ரிலே என்று படம் போட்டிருக்கும். ஃபியூஸ் எரிந்திருந்தால் புதிதாகப் போடலாம், ஆனால் மறுபடி எரிந்தால் மோட்டார் இறுகிப்போய் அதிகக் கரண்ட் இழுக்கிறது என்று அர்த்தம். அதற்காக 30 ஆம்பியர் இடத்தில் 40 ஆம்பியரைச் செருகுவது ஒயரை எரிக்கும் வழி. ரிலேயைச் சோதிக்க இன்னும் எளிது. அதே பெட்டியில் அதே எண் போட்ட ரிலே வேறொன்று இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள்.

இரண்டும் சரி என்றால் அடுத்தது மோட்டார். ஃபேன் ஓட வேண்டிய நேரத்தில் ஓடாமல் இருக்கும்போது மோட்டாரின் உடம்பில் ஒரு நீளக் குச்சியால் லேசாகத் தட்டினால் சில சமயம் சட்டென்று கிளம்பும். உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது என்பதற்கு அது பழைய மெக்கானிக்குகளின் சோதனை. கனெக்டரின் பிளாஸ்டிக் உருகிக் கறுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு ஒயர் மட்டும் உள்ள மோட்டாருக்கு மெக்கானிக் பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்துப் பார்ப்பார். சுற்றினால் மோட்டார் நன்றாக இருக்கிறது, கோளாறு அதற்கு முன்னால். புது மாடல்களில் மோட்டாரோடு ஒரு கட்டுப்பாட்டு மாட்யூல் ஒட்டியிருக்கும், ஒயர்களும் அதிகம். அதில் இந்த நேரடி வேலை வேண்டாம்.

இன்னொரு கோளாறு அடிக்கடி தப்பிப்போகிறது. பல கார்களில் ஃபேனுக்கு மெதுவாக, வேகமாக என இரண்டு நிலை உண்டு. மெதுவான நிலைக்குக் கரண்ட் ஒரு ரெசிஸ்டர் வழியாகப் போகிறது. அது எரிந்துவிட்டால் ஃபேன் 95இல் கிளம்பாது. சூடு இன்னும் ஏறி வேகநிலைக்கான அளவைத் தொட்டதும் திடீரென்று பெரும் சத்தத்துடன் சுற்றும். “ஃபேன்தான் ஓடுதே சார்” என்று மெக்கானிக் சொல்வார், அவர் பார்த்ததும் உண்மைதான். எத்தனை டிகிரியில் ஓடுகிறது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

ஃபேன் நன்றாகச் சுற்றியும் சூடு ஏறினால்

அப்போது காற்று போகும் வழியைப் பாருங்கள். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இருக்கும் குறுகிய இடைவெளியில் தூசி, பூச்சி, காய்ந்த இலை எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் கண்டென்சர் பளிச்சென்று இருக்கும், அடைப்பு அதற்குப் பின்னால். வாட்டர் வாஷ் கடையில் அதிக அழுத்தத்தில் அடித்தால் மெல்லிய ஃபின்கள் மடங்கிக் காற்றுவழி இன்னும் அடைபடும். மெதுவான தண்ணீரை இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக விட்டுக் கழுவ வேண்டும்.

வண்டி எப்போதாவது முன்பக்கம் இடிபட்டு டிங்கரிங் ஆகியிருக்கிறதா? ஃபேனைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கூடு, ரேடியேட்டரின் இரு பக்கமும் உள்ள தடுப்புகள், இன்ஜினுக்கு அடியிலிருக்கும் கவர், இவையெல்லாம் திரும்ப மாட்டப்பட்டனவா என்று பாருங்கள். “சும்மா பிளாஸ்டிக்தானே” என்று விட்டுவிடுவது வழக்கம். கூடு இல்லாவிட்டால் ஃபேன் தனக்கு நேரே இருக்கும் வட்டத்திலிருந்து மட்டுமே காற்றை இழுக்கும். தடுப்புகள் இல்லாவிட்டால் பின்னால் வந்த சூடான காற்றே சுற்றிக்கொண்டு மறுபடி ரேடியேட்டரின் முன்பக்கம் வந்துவிடும். ஓடும்போது எதிர்க்காற்று அதைத் தள்ளிவிடுவதால் இந்தக் கோளாறும் நின்றால் மட்டுமே தெரியும்.

காற்றும் சரி என்றால்தான் கூலண்ட் பக்கம் போக வேண்டும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் ஒரு சின்ன விஷயமாகத் தெரியும். அது உள்ளே ஏறக்குறைய ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய வெறும் தண்ணீர்கூட 120 வரை கொதிக்காமல் இருக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்தால் நார்மல் சூட்டிலேயே கொதித்து டேங்கில் பொங்கும். வாட்டர் பம்ப்பின் உள்ளிருக்கும் இறக்கைகள் அரிக்கப்பட்டிருந்தாலும் மெதுவான ஆர்பிஎம்மில் ஓட்டம் போதாது. ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து 1,500 ஆர்பிஎம்மில் வைத்தால் சூடு இறங்குகிறது என்றால் பம்ப்பைச் சந்தேகிக்கலாம். கூலண்ட் மாற்றிய சில நாட்களில் பிரச்சினை தொடங்கி, டேஷ்போர்டுக்குள் தண்ணீர் சலசலக்கும் சத்தமும் கேட்டால் உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. அதை வெளியேற்றினாலே போதும். போர் தண்ணீரை ஊற்றியே காலம் தள்ளிய வண்டி என்றால் உள்ளே உப்பு படிந்திருக்கும், அதற்கு ரேடியேட்டர் வேலை தேவைப்படலாம்.

ஹெட் கேஸ்கட் போயிருக்குமோ என்ற பயம் எல்லோருக்கும் வரும். அதற்குத் தனி அடையாளங்கள் உண்டு. வெளியே எங்கும் ஒழுகாமல் கூலண்ட் குறையும், டேங்கில் குமிழி வந்துகொண்டே இருக்கும், இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காது, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகும். யாராவது கேஸ்கட் என்று சொன்னால் கழற்றுவதற்கு முன் பிளாக் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். ஒரு நீல திரவத்தின் வழியாக டேங்கின் ஆவியை இழுப்பார்கள். உள்ளே எரிந்த வாயு கலந்திருந்தால் பெட்ரோல் வண்டியில் திரவம் மஞ்சளாகும்.

“தெர்மோஸ்டாட்டைக் கழட்டிடலாம், ஃபேனை டைரக்ட் பண்ணிடலாம்”

இந்த இரண்டு யோசனையும் நாடு முழுக்கக் கிடைக்கும். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சரியான சூட்டுக்கு வர அதிக நேரம் எடுக்கும். அதுவரை இசியூ கூடுதல் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டே இருக்கும், மைலேஜ் விழும், பி0128 என்ற கோடும் செக் இன்ஜின் விளக்கும் வரலாம். சில இன்ஜின்களில் கழற்றிவிட்டால் கூலண்ட் ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்குவழியில் சுற்றும், சூடு கூடத்தான் செய்யும். ஓடாத ஃபேன் இதனால் ஓடப்போவதும் இல்லை.

டைரக்ட் என்பது சாவியைத் திருப்பியதும் ஃபேன் எப்போதும் ஓடும்படி ஒயரிங்கை மாற்றுவது. நடுரோட்டில் நின்றுபோன வண்டியை வீடு சேர்க்க ஒரு நாள் தாங்கும். அதையே நிரந்தரமாக விட்டால், சரியான ரிலேயும் ஃபியூஸும் இல்லாத ஒயர் சூடேறி உருகும், மோட்டாரின் ஆயுளும் குறையும்.

இப்போதே சிக்னலில் முள் ஏறிக்கொண்டிருந்தால்?

ஏசியை அணையுங்கள். ஹீட்டரை முழுச் சூட்டிலும் புளோயரை முழு வேகத்திலும் வைத்து ஜன்னல்களை இறக்குங்கள். மே மாதத்தில் இது தண்டனைதான், ஆனால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் ஒரு குட்டி ரேடியேட்டர், அதற்கென்று தனி ஃபேனும் இருக்கிறது. முள் இறங்கினால் அடுத்த பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டுங்கள். சிவப்பு விளக்கோ ஆவியோ வந்துவிட்டால் யோசிக்காமல் நிறுத்தி இன்ஜினை அணையுங்கள்.

ரேடியேட்டர் மூடியைத் தொடவே வேண்டாம். உள்ளே 100 டிகிரிக்கு மேல் இருக்கும் தண்ணீர், மூடி திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிட்டு, ஹோஸைத் தொட்டால் சுடாத நிலையில்தான் திறக்க வேண்டும். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் வேண்டாம், ஹெட் விரிசல் விடலாம்.

“இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே” என்று ஓட்டுவதுதான் செலவைப் பெருக்கும். இன்றைய இன்ஜின் ஹெட் அலுமினியம். சூட்டில் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அளவு மீறினால் வளைந்துவிடும். அதற்குப் பிறகு கேஸ்கட் எந்தப் புதியதைப் போட்டாலும் உட்காராது. இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்றால், வழக்கமான மோட்டார் பாலிசி இயந்திர, மின் கோளாறுகளை விலக்கி வைத்திருக்கிறது. கூடுதலாக வாங்கும் இன்ஜின் புரொடெக்ட் கவரும் பெரும்பாலும் தண்ணீர் புகுவது, ஆயில் ஒழுகுவது போன்றவற்றுக்காக எழுதப்பட்டது. உங்கள் பாலிசியில் அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

பழைய கார் வாங்கப் போகிறீர்களா?

முதல் காராகப் பழையதை வாங்குபவர்கள் இதில்தான் எளிதாக ஏமாறுகிறார்கள். டெஸ்ட் டிரைவ் என்பது பத்து நிமிடம், அதுவும் காலி ரோட்டில். ஓடும்போது சூடாகாத கோளாறு அதில் எப்படித் தெரியும்? ஓட்டி வந்த பிறகு இன்ஜினை அணைக்காமல், ஏசியைப் போட்டபடி இருபது நிமிடம் நிற்கவிடச் சொல்லுங்கள். ஏசிக் காற்று வெதுவெதுப்பாகிறதா, ஃபேன் நின்று நின்று கிளம்புகிறதா, முள் நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். அதே நேரத்தில் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து, கம்பெனி கொடுக்காத சுவிட்ச் ஏதாவது திருகியிருக்கிறதா, பானெட்டுக்குள் பேட்டரியிலிருந்து ஃபேனுக்கு டேப் சுற்றிய தனி ஒயர் போகிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அந்த வண்டியில் யாரோ ஏற்கெனவே டைரக்ட் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு முன் அந்த இன்ஜின் எத்தனை முறை கொதித்தது என்று விற்பவரிடம் கேளுங்கள், பிளாக் டெஸ்ட் முடியும்வரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.